பொது அளவில் பிறந்த இஞ்சின்

சென்னையிலிருந்து மேற்கே புறப்பட்டு, அரக்கோணத்தையும் காட்பாடியையும் கடந்து, குடியாத்தத்துக்கு அப்பால் ஆம்பூர், விண்ணமங்கலம், வாணியம்பாடி, கேத்தாண்டப்பட்டி என்று பாலாற்றுப் பள்ளத்தாக்கின் ஊர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, ஜோலார்பேட்டையில் பெங்களூருக்கு ஒன்றும் சேலத்துக்கு ஒன்றுமாக இரண்டாகப் பிரியும் இருப்புப்பாதை, தென்னிந்தியாவின் மிகப் பழைய பாதைகளுள் ஒன்று. இப்பாதை கொண்டுவந்த வியாபாரத்தைப் பற்றியும், அதனால் செழித்த தோல் தொழிலைப் பற்றியும், இதன் வழியே சீமைக்குச் சென்ற சரக்குகளைப் பற்றியும் நம் பெரியவர்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். ஆனால் அந்த வியாபாரத்தையும் சரக்கையும் இரவு பகலாக இழுத்துச் சென்ற இஞ்சின்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பதையும், அந்தச் சரித்திரம் நம் பாதையோடு நின்றுவிடாமல் கிளாஸ்கோ வரையிலும் கைபர் கணவாய் வரையிலும் நீண்டு செல்வது என்பதையும் எண்ணிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

20ஆம் நூற்றாண்டின் முதல் ஐம்பது ஆண்டுகளில் இந்தியாவின் அகலப் பாதைகளில் மெயில் வண்டிகளையும் பாசஞ்சர் வண்டிகளையும் கூட்ஸ் வண்டிகளையும் இழுத்தவற்றுள் பெரும் பங்கு வகித்தது, 'பெசா' என்ற சுருக்கப் பெயரால் ரயில்வே உலகம் அழைத்த ஓர் இஞ்சின் குடும்பம். பிரிட்டிஷ் இஞ்சினீரிங் ஸ்டாண்டர்ட்ஸ் அசோசியேஷன் என்ற ஸ்தாபனத்தின் முதலெழுத்துக்களால் அமைந்த பெயர் அது. எந்த ஒரு மேதையும் தன் பெயரை அதில் பொறித்துக்கொள்ளவில்லை. வேகத்தில் உலக சாதனை எதையும் அது செய்யவில்லை. ஆயினும், தனக்குப் பின் வந்த பெரிய இஞ்சின்கள் சில தடுமாறிய காலத்திலும் தடுமாறாமல் வேலை செய்த பெருமை அதற்கு உண்டு. அந்தப் பெருமைக்குக் காரணம் அதன் வலிமை மட்டும் அன்று. பொது அளவு என்ற ஒரு கொள்கையின் மீது அது எழுப்பப்பட்டிருந்தமையே தலையாய காரணம் என்பதைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாதை வந்த வரலாறு

தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ஓடியது. பாதையை அமைத்த மதராஸ் ரயில்வே கம்பெனி அங்கே நிற்காமல் மேற்கு நோக்கி மேலும் மேலும் தண்டவாளம் போட்டுக்கொண்டே சென்று, 1860களின் தொடக்கத்தில் நம் ஊர்களின் வழியாகச் சேலம், பாலக்காடு மார்க்கமாக மேற்குக் கடற்கரையின் பேப்பூரை எட்டிவிட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் கிளை 1864இல் திறக்கப்பட்டது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 5 அடி 6 அங்குல இடைவெளி கொண்ட அகலப் பாதை இது. இங்கிலாந்தின் பாதைகளைக் காட்டிலும் ஏறத்தாழ 10 அங்குலம் அகலமானது.

அக்காலத்து இஞ்சின்கள் உருவில் சிறியவை. சீமை நிலக்கரி விலை மிகுந்ததாகையால், தொடக்க காலத்தில் இந்த ராஜதானியில் பெரும்பாலும் விறகையே எரித்து நீராவி உண்டாக்கினார்கள். தண்டவாளக் கட்டைகளுக்கும் எரிபொருளுக்குமாக மரங்கள் மளமளவென்று வெட்டப்பட்டன. முதல் வண்டி ஓடிய அதே 1856இல் மதராஸ் ராஜதானியில் ஹியூ கிளெகார்ன் என்ற வைத்தியர் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டதையும், அவருடைய முக்கியமான கவலைகளுள் ஒன்றாக ரயில்வேயின் மரத் தேவை இருந்ததையும் நினைத்துப் பார்க்கும்போது, இருப்புப்பாதை வந்த வேகம் நம் மலைக்காடுகளுக்கு எவ்வளவு பெரிய சோதனையாக இருந்திருக்கும் என்பது விளங்கும்.

நூற்றாண்டு முடியும் தறுவாயில் நிலைமை வெகுவாக மாறியது. பெட்டிகள் நீண்டன, பிரயாணிகள் பெருகினார்கள், சரக்கு பன்மடங்காயிற்று, பழைய சிறு இஞ்சின்களால் சமாளிக்க முடியவில்லை. புதிய இஞ்சின்கள் வேண்டும் என்பதில் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே எண்ணந்தான். எத்தகைய இஞ்சின் வேண்டும் என்பதில்தான் ஆளுக்கு ஒரு கட்சி. ஒவ்வொரு கம்பெனிக்கும் லண்டனில் ஓர் ஆலோசக இஞ்சினீயர் இருந்தார். அவர் தம் அனுபவத்துக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப ஒரு வரைபடம் தயாரித்துத் தொழிற்சாலைக்குக் கொடுப்பார். பக்கத்துப் பாதையில் அதே வேலையைச் செய்யும் இஞ்சினுக்கும் இதற்கும் சக்கரத்தில் வேறுபாடு, கொதிகலனில் வேறுபாடு, ஒரு சிறிய வால்வில்கூட வேறுபாடு. ஊருக்கு ஒரு படியும் மரக்காலும் வைத்துக்கொண்டு நெல் அளந்த காலத்தில் சந்தையில் எவ்வளவு குழப்பம் இருந்ததோ, அவ்வளவு குழப்பம் இந்திய ரயில்வேக்களின் பட்டறைகளிலும் இருந்தது. ஓர் உதிரிப் பாகம் உடைந்தால், அதைப் போன்ற இன்னொன்றை இங்கேயே வார்த்தெடுக்க வேண்டும்; அல்லது சீமையிலிருந்து கப்பல் வரும் வரையில் காத்திருக்க வேண்டும்.

1903ஆம் ஆண்டின் தீர்மானம்

இதற்குத் தீர்வு தேட வேண்டிய கட்டாயம் இந்தியாவிலிருந்து மட்டும் எழவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் பிரிட்டனின் இஞ்சின் தொழிற்சாலைகளில் வேலை குவிந்து கிடந்தது. 1897இலும் 1898இலும் நடந்த நீண்ட தொழில் தகராறு ஒன்று அந்தத் தாமதத்தை மேலும் வளர்த்துவிட்டது. காத்திருக்க முடியாத இந்திய ரயில்வேக்களின் ஆர்டர்கள் சில ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போயின. பிரிட்டிஷ் உற்பத்தியாளர்களிடையே இது பெரும் கவலையை விளைத்தது. ஒவ்வொரு இஞ்சினுக்கும் புதிதாக வரைந்து, புதிதாக அச்சு செய்து, புதிதாக வார்க்கும் வழக்கம் நீடிக்கும் வரையில் விரைவும் வராது, விலையும் குறையாது என்பதை அப்போதுதான் எல்லோரும் ஒருமுகமாக உணர்ந்தார்கள்.

பொறியியல் பொருள்களுக்குப் பொது அளவுகளை வகுப்பதற்காக 1901இல் லண்டனில் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. லண்டனின் புகழ் பெற்ற டவர் பாலத்தை நிர்மாணித்த சர் ஜான் உல்ஃப் பாரி அதன் தலைவர். இரும்பு உத்திரங்களுக்கும் தண்டவாளங்களுக்கும் அளவு வகுக்கத் தொடங்கிய அந்தக் கமிட்டியே, பின்னர் இந்திய ரயில்வேக்களுக்குப் பொதுவான இஞ்சின்களை வகுக்கும் பொறுப்பையும் ஏற்றது. அதன் முதல் வடிவங்கள் 1903இல் வெளிவந்தன. வாணியம்பாடியில் 1903 என்று சொன்னால் அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் பாலாறு பெருக்கெடுத்து ஊரையே அழித்துச் சென்ற பெருவெள்ளந்தான் நினைவுக்கு வரும். அந்தத் துயர ஆண்டிலேயே, கடல் கடந்த ஒரு நகரத்தில், பின்னாளில் இவ்வூரின் சரக்கைச் சுமக்கப்போகும் இஞ்சின் குடும்பத்துக்கு வித்திடப்பட்டது. கமிட்டி 1918இல் பிரிட்டிஷ் இஞ்சினீரிங் ஸ்டாண்டர்ட்ஸ் அசோசியேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டபோது, இஞ்சின்களுக்கும் 'பெசா' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

முதலில் வகுக்கப்பட்டவை இரண்டே வகை: பிரயாணிகள் வண்டிக்கு ஒன்று, சரக்கு வண்டிக்கு ஒன்று. நீராவி இஞ்சின்களை அவற்றின் சக்கரங்களைக் கொண்டு வகைப்படுத்துவது உலக வழக்கம்; முன்னே தாங்கும் சிறு சக்கரங்கள் எத்தனை, நடுவே இழுக்கும் பெரிய சக்கரங்கள் எத்தனை, பின்னே தாங்கும் சிறு சக்கரங்கள் எத்தனை என்று மூன்று எண்களால் குறிப்பார்கள். அக்கணக்கின்படி பிரயாணிகள் இஞ்சின் 4-4-0, சரக்கு இஞ்சின் 0-6-0. சில ஆண்டுகளுக்குள் இவற்றைவிடப் பெரியவை தேவைப்பட்டபோது, கனமான பிரயாணிகள் வண்டிக்கென 4-6-0, வேகமான மெயிலுக்கென 4-4-2, கனமான சரக்குக்கென 2-8-0 ஆகியவையும் சேர்க்கப்பட்டன. ஹெவி பாசஞ்சர் என்பதன் முதலெழுத்துக்களால் 'ஹெச்.பி.' என்று அழைக்கப்பட்ட 4-6-0 இஞ்சின், இக்குடும்பத்தின் மிகச் சிறந்த உறுப்பினர் என்று சொல்லத் தகும்.

இதே சமயத்தில் நம் பக்கத்திலேயே முற்றிலும் வேறான ஒரு முயற்சியும் நடந்தது. பஞ்சப் பிரதேசங்களுக்கு உணவு கொண்டு செல்வதற்கென 2 அடி 6 அங்குலமே இடைவெளி கொண்ட ஒரு குறுகிய பாதை, 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குத் திறக்கப்பட்டது. குட்டி இஞ்சின்கள் இழுத்த அந்தப் பாதை இன்று சுவடில்லாமல் மறைந்துவிட்டது. அகலப் பாதையே வாழ்ந்தது, வளர்ந்தது.

இஞ்சினின் உள்ளே

ஹெச்.பி. இஞ்சினின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முன்னால் நான்கு சிறு சக்கரங்கள் கொண்ட ஒரு சிறு வண்டி, வளைவுகளில் முன்பாரத்தைத் தாங்கி இஞ்சினுக்கு வழிகாட்டும். அதற்குப் பின்னால் 6 அடி 2 அங்குலக் குறுக்களவு கொண்ட ஆறு பெரிய சக்கரங்கள். சராசரி மனிதன் அதன் பக்கத்தில் நின்றால் சக்கரம் அவன் தலைக்கு மேலே இருக்கும். இப்பெரிய சக்கரம் ஒரு முறை சுழன்றால் இஞ்சின் 19 அடிக்கு மேல் முன்னேறும். ஆகவே, சென்னையிலிருந்து வாணியம்பாடி வரையில் உள்ள ஏறத்தாழ 200 கிலோமீட்டரைக் கடப்பதற்குள் ஒவ்வொரு பெரிய சக்கரமும் 34,000 தடவை சுழல வேண்டும். சரக்கு இஞ்சினின் சக்கரமோ இதைவிடச் சிறியது. 5 அடி 1½ அங்குலந்தான். சக்கரம் சிறுத்தால் இழுவை மிகும், வேகம் குறையும். பெருத்தால் வேகம் மிகும், இழுவை குறையும். பிரயாணிகளுக்கும் சரக்குக்கும் தனித்தனி இஞ்சின் வகுத்ததன் ரகசியம் இதுவே.

உலையிலே நிலக்கரி எரிகிறது. அங்கே உண்டாகும் வெப்பமான புகை, கொதிகலனின் நீருக்கு நடுவே செல்லும் நூற்றுக்கு மேற்பட்ட குழாய்களின் வழியாகப் பாய்ந்து, நீரைக் கொதிக்க வைத்து, முன்புறத்துப் புகைப்பெட்டியை அடைந்து, புகைபோக்கியால் வெளியேறுகிறது. நீரிலிருந்து எழுந்த ஆவி, வெளியே விரிய இடமில்லாமல் ஒரு சதுர அங்குலத்துக்கு 180 ராத்தல் அழுத்தம் பெறுகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் 12 மடங்கு அது. இந்த ஆவி இருபுறமும் உள்ள சிலிண்டர்களுக்குள் புகுந்து பிஸ்டனைத் தள்ளும்போது, இருபதரை அங்குலக் குறுக்களவுள்ள அந்த ஒரு பிஸ்டனின் மேல் விழும் விசை 26 டன் வரையில் இருக்கும். வேலை முடிந்த ஆவி புகைபோக்கியின் வழியாகச் சீறிப் பாயும்போது, தன்னோடு புகையையும் இழுத்துச் செல்வதால் உலையில் காற்று மேலும் புகுந்து நெருப்பு மேலும் கொழுந்துவிடுகிறது. வண்டி எவ்வளவு கடினமாக இழுக்கிறதோ அவ்வளவு வேகமாக உலை எரியும். வேண்டிய அளவுக்கு நெருப்பைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைப் போல் எளிமையான, அழகான யந்திரத் தத்துவம் வேறொன்று கிடைப்பது அரிது. புகைவண்டிக்கு உரித்தான அந்தச் 'சுக்கு சுக்கு' ஓசையும் இதனால் எழுவதுதான். சக்கரம் ஒரு முறை சுழல்வதற்குள் நான்கு முறை ஆவி சீறும்.

இவ்வகுப்பின் வாழ்நாளில் நிகழ்ந்த மிகப் பெரிய அபிவிருத்தி, ஆவியை மீண்டும் சுடவைக்கும் முறையாகும். நீரோடு ஒட்டியிருக்கும் ஆவியில் ஈரம் கலந்திருக்கும். சிலிண்டரின் குளிர்ந்த சுவரில் பட்டவுடன் அதில் ஒரு பகுதி நீராக மாறி வீணாகும். வில்ஹெல்ம் ஷ்மித் என்ற ஜெர்மானிய இஞ்சினீயர், கொதிகலனை விட்டு வெளியேறிய ஆவியைப் புகைக்குழாய்களுக்குள்ளேயே அமைத்த சிறு குழாய்களின் வழியாக மீண்டும் ஒரு முறை செலுத்தி, 300 டிகிரிக்கும் மேலாகச் சூடேற்றி, ஈரமே இல்லாத உலர்ந்த ஆவியாக்கிச் சிலிண்டருக்கு அனுப்பும் வழியைக் கண்டார். இதனால் அதே வேலைக்கு நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு நிலக்கரி மிச்சமாயிற்று, தண்ணீரும் மிச்சமாயிற்று. 1910ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்து பெசா இஞ்சின்களுக்கும் இந்த ஏற்பாடு வந்து சேர, ஹெச்.பி. என்ற பெயரின் பின்னால் ஓர் எழுத்துக் கூடி அது 'ஹெச்.பி.எஸ்.' ஆயிற்று.

எம்.எஸ்.எம். எல்லையில்

மதராஸ் ரயில்வே கம்பெனியின் ஒப்பந்தம் 1907ஆம் ஆண்டின் முடிவோடு தீர்ந்துபோகவே, 1908 ஜனவரி முதல் அதன் பாதைகள் இரண்டு கம்பெனிகளுக்குப் பங்கிடப்பட்டன. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூர் வரையில் உள்ள பகுதி, புதிதாகத் தோன்றிய மதராஸ் - தென் மராட்டா ரயில்வே என்ற எம்.எஸ்.எம். கம்பெனிக்குச் சென்றது, ஜோலார்பேட்டைக்கு அப்பால் சேலம், கோயம்புத்தூர், மங்களூர் வரையில் உள்ள பகுதி, தென்னிந்திய ரயில்வேயின் கைக்குப் போயிற்று. இவ்விதமாக ஜோலார்பேட்டை இரண்டு ராஜ்யங்களின் எல்லைப்புறம் போல் ஆகிவிட்டது. இஞ்சின் ஷெட்டும் ரயில்வே குடியிருப்பும் அங்கே வளர்ந்து, அந்த ஊரே நீராவியால் வாழ்ந்த ஊராக மாறிற்று.

இப்பாதையின் இயற்கையும் இஞ்சின்களைச் சோதிக்கத்தக்கது. சென்னையில் கடல் மட்டத்தில் புறப்படும் வண்டி, ஜோலார்பேட்டையை அடையும்போது ஏறத்தாழ 400 மீட்டர் ஏறியிருக்கும். அங்கிருந்து பெங்களூர் செல்வதானால், ஏறத்தாழ 145 கிலோமீட்டர் தூரத்துக்குள் இன்னும் 500 மீட்டர் ஏற வேண்டும். சமவெளியில் விரைந்து ஓடவும் மேட்டில் மூச்சுத் திணறாமல் ஏறவும் ஒரே இஞ்சினால் ஆக வேண்டும். 4-4-0 இஞ்சினைவிட ஒரு ஜோடி பெரிய சக்கரம் கூடுதலாகப் பெற்று, அதனால் தண்டவாளத்தை இறுகப் பற்றும் சக்தியும் கூடுதலாகப் பெற்ற 4-6-0, இத்தகைய பாதைகளுக்கு மிகவும் பொருந்தியது.

தோல் தொழிலுக்கும் இந்த இருப்புப்பாதைக்கும் இடையே இருந்த உறவை, ஒரு கூட்ஸ் வண்டி வாணியம்பாடியை விட்டுப் புறப்படும் காட்சியில் காணலாம். பதனிடாத தோல்கள் பல ஜில்லாக்களிலிருந்து வாகன்களில் வந்து இறங்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் மூட்டை மூட்டையாக வந்து சேரும். பதனிட்டு முடிந்த தோல், கட்டுக் கட்டாகச் சென்னைத் துறைமுகத்துக்குப் போகும். அங்கிருந்து கப்பலேறி லண்டன் ஏலச் சந்தைக்குப் போகும். கார்டு பச்சைக் கொடி காட்டியதும் டிரைவர் ரெகுலேட்டரை மெல்லத் திறக்கிறார். தொடக்கத்தில் சிலிண்டரின் நீளம் முழுவதிலும் ஏறக்குறைய முக்கால் பங்கு வரையில் ஆவியை விடுகிறார். ஏனெனில் நிற்கும் பாரத்தை அசைப்பதற்கு முழு பலமும் தேவை. சக்கரம் வழுக்கினால் மணல் குழாயைத் திறந்து தண்டவாளத்தில் மணல் தூவுகிறார். கப்ளிங்குகள் ஒவ்வொன்றாக இறுகும் ஓசை வண்டியின் கடைசிவரை ஓடுகிறது. வேகம் பிடித்தவுடன் ரிவர்சரைத் திருப்பி, ஆவி புகும் நேரத்தைக் கால் பங்காகக் குறைத்துவிட, எஞ்சிய தூரம் முழுவதும் அந்தச் சிறிதளவு ஆவி தானே விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. ரிவர்சரை எந்த இடத்தில் எவ்வளவு திருப்புவது என்ற ஞானமே நல்ல டிரைவரையும் சாதாரண டிரைவரையும் பிரித்துக் காட்டியது; நிலக்கரிக் கணக்கில் அது உடனே தெரிந்துவிடும்.

பயர்மேனின் வேலை இதைவிடக் கடினமானது. கரியை அள்ளி உலைக்குள் வீசினால் மட்டும் போதாது. நெருப்பு மெல்லிய படுகையாக, எங்கும் ஓட்டையில்லாமல், மூலைகளில் சற்று உயர்ந்து இருக்கும்படி பரப்ப வேண்டும். கரி அதிகமானால் புகை கறுத்து வீணாகும். குறைந்தால் குளிர்காற்று புகுந்து ஆவி இறங்கிவிடும். சித்திரை மாதத்துக் காட்பாடி வெயிலில், உலைக்கு முன்னே நின்று, ஆடும் இரும்புத் தட்டின் மேல் கால் ஊன்றி மணிக்கணக்காக மண்வெட்டி வீசிய அந்தத் தொழிலாளிகளின் உழைப்பை நம் ஊர்களின் செல்வச் சரித்திரத்தில் எவரும் எழுதி வைக்கவில்லை. அக்காலத்தில் மெயில் வண்டி டிரைவர்களாக இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலோ இந்தியர்கள். கரி வாரியவர்களும் இஞ்சின் துடைத்தவர்களும் பெரும்பாலும் நம் கிராமத்து மக்கள். திறமை ஒன்றாக இருந்தும் பதவி ஒன்றாக இல்லாத அந்த ஏற்பாடு, சுதந்திரத்துக்குப் பின்னரே முழுமையாக மாறியது.

பெரம்பூரின் கைகள்

பொது அளவின் உண்மையான பலனைக் காண வேண்டுமானால் பெரம்பூர்ப் பட்டறைக்குச் செல்ல வேண்டும். 1856இல் மதராஸ் ரயில்வேயால் தொடங்கப்பட்டு, பிறகு எம்.எஸ்.எம். கம்பெனியின் தலைமைப் பட்டறையாக விளங்கிய அங்கேதான் தேய்ந்து களைத்த இஞ்சின்கள் பழுது பார்க்கப்பட்டன. இஞ்சினில் மிகவும் விரைவாகப் பழுதாவது கொதிகலன். மிகவும் மெதுவாகப் பழுது பார்க்கப்படுவதும் அதுவே. ஒவ்வொரு இஞ்சினும் ஒவ்வொரு அளவில் இருந்த காலத்தில், கொதிகலனைக் கழற்றிச் செப்பனிட்டு முடியும் வரையில் இஞ்சின் முழுவதும் வேலையின்றிக் கிடக்க வேண்டியிருந்தது. பொது அளவு வந்த பிறகு, முன்பே செப்பனிட்டு வைத்த வேறொரு கொதிகலனைத் தூக்கி வைத்து இஞ்சினை அனுப்பிவிட்டு, கழற்றியதை நிதானமாகச் செப்பனிட்டு அடுத்த இஞ்சினுக்கு வைத்துக்கொள்ள முடிந்தது. கிளாஸ்கோவில் செய்த இஞ்சினுக்கு லங்காஷயரில் செய்த பாகம் பொருந்தும். பெரம்பூரில் செய்த பாகமும் பொருந்தும். சீமைக் கப்பலுக்குக் காத்திருந்த மாதங்கள் பட்டறையில் செலவாகும் வாரங்களாகக் குறைந்தன. அக்காலப் பட்டறைகளின் கடைசல் யந்திரங்களையெல்லாம் சுழற்றியவை தோல் வார்ப்பட்டைகளே என்பதை, தோல் நகரத்து வாசகர்கள் ஒரு தனி மகிழ்ச்சியோடு அறிந்துகொள்ளலாம்.

இவ்விஞ்சின்களைக் கட்டியவர்கள் பலர். மூன்று கம்பெனிகள் 1903இல் ஒன்றுகூடித் தோன்றிய கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி, லங்காஷயரில் நியூட்டன்-லி-வில்லோஸ் என்ற சிற்றூரில் இருந்த வல்கன் பவுண்டரி, லீட்ஸ் நகரத்துக் கிட்ஸன், மான்செஸ்டரின் பேயர் பீகாக் ஆகியவை அவர்களுள் முதன்மையானவை. இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியாவின் பணத்தால் ஆயிரக்கணக்கான இஞ்சின்கள் வாங்கப்பட்ட அந்த ஆண்டுகளில், இந்தியாவிலேயே கட்டப்பட்டவை சில நூறுகளே. நமக்குத் திறமை இல்லாததால் அப்படி நேர்ந்தது என்று கூறுவது நியாயமாகாது. அஜ்மீர்ப் பட்டறை 1895இலேயே மீட்டர்ப் பாதை இஞ்சின் ஒன்றைக் கட்டி முடித்துவிட்டது. ஜமால்பூர்ப் பட்டறை 1899இல் அகலப் பாதை இஞ்சினையே கட்டிவிட்டது. பெனின்சுலர் லோகோமோட்டிவ் கம்பெனி என்று 1921இல் ஜாம்ஷெட்பூருக்கு அருகே தொடங்கிய இந்தியத் தொழிற்சாலை, ஆர்டர்கள் கிடைக்காமல் சில ஆண்டுகளிலேயே நலிந்து, சர்க்காரால் வாங்கப்பட்டு வேறு வேலைக்குத் திருப்பப்பட்டது. பொது அளவு வகுத்தது இந்திய ரயில்வேக்களுக்கு நன்மை செய்தது. அந்த அளவுக்கு இஞ்சின் கட்டும் உரிமை நடைமுறையில் கடலுக்கு அப்பாலேயே தங்கிவிட்டது இந்தியத் தொழிலுக்குத் தீமை செய்தது. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது சரித்திரம் ஆகாது.

பெரியவை வந்தன, சிறியது நின்றது

முதல் உலகப் போர் நம் தோலுக்கு எதிர்பாராத முக்கியத்துவம் தந்தது. தென்னிந்தியாவில் பதனிட்ட தோல் பிரிட்டிஷ் ராணுவத்தின் பூட்ஸுகளுக்கு மிகவும் ஏற்றது என்று கண்டு, 1916 முதல் சர்க்காரே அதன் ஏற்றுமதியைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. போர் முடிந்த பின், நல்ல நிலக்கரியின் விலை ஏறிப்போனதால், மட்டமான கரியையும் எரிக்கவல்ல அகன்ற உலை கொண்ட இஞ்சின்கள் வேண்டுமென்று ரயில்வே அதிகாரிகள் கருதினார்கள். பெசா இஞ்சினின் உலை குறுகலானது. நல்ல கரியையே அது விரும்பியது. ஆகவே 1920களில் புதிய அளவுகள் வகுக்கப்பட்டு, பின்னே ஒரு ஜோடித் தாங்கு சக்கரமும் அதன் மேல் அகன்ற உலையும் கொண்ட எக்ஸ்.ஏ., எக்ஸ்.பி., எக்ஸ்.ஸி. என்னும் 4-6-2 இஞ்சின்கள் வந்தன. பெசாவின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினார்கள்.

காலம் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. புதிய இஞ்சின்கள் வேகம் கூடும்போது பக்கவாட்டில் ஆடித் தண்டவாளத்தையே வளைத்துவிடுவதாகப் புகார்கள் எழுந்தன. 1937 ஜூலை 17ஆம் தேதி, பாட்னாவுக்கு அருகே பீட்டா என்ற இடத்தில் எக்ஸ்.பி. இஞ்சின் இழுத்துச் சென்ற வண்டி தடம் புரண்டு நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். கர்னல் மவுண்ட் தலைமையில் அமைந்த விசாரணைக் கமிட்டியில், இங்கிலாந்தின் தலைசிறந்த இஞ்சின் நிபுணர்களுள் ஒருவரான வில்லியம் ஸ்டேனியரும் அங்கம் வகித்து இந்தியாவுக்கு வந்து ஆராய்ந்தார். முன்சக்கர வண்டியின் கட்டுப்பாடு முதலியன திருத்தப்பட்டு, புதிய இஞ்சின்கள் ஓரளவுக்குக் குணமடைந்தன. ஆனாலும் நம்பிக்கை உடைந்தது உடைந்ததுதான். பழைய ஹெச்.பி.எஸ். மீண்டும் விரும்பி நாடப்பட்டது; அதன் வரைபடம் பிறந்து நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும், 1940களின் இறுதியிலும் அதே வகுப்பில் புது இஞ்சின்கள் கட்டப்பட்டன.

சுதந்திரம் வந்தது. எம்.எஸ்.எம்., தென்னிந்திய ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றும் 1951 ஏப்ரல் 14ஆம் தேதி இணைந்து தெற்கு ரயில்வேயாயின. இரண்டு கம்பெனிகளின் எல்லையாக இருந்த ஜோலார்பேட்டை ஒரே ரயில்வேயின் சந்திப்பாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே சித்தரஞ்சன் தொழிற்சாலையில் நம் கைகளால் இஞ்சின் கட்டும் பணி தொடங்கிவிட்டது. டபிள்யூ.பி., டபிள்யூ.ஜி. என்னும் புதிய வகுப்புகள் பெசா குடும்பத்தை மெயில்களிலிருந்து பாசஞ்சர்களுக்கும், பாசஞ்சர்களிலிருந்து ஷண்டிங் வேலைக்கும் படிப்படியாக இறக்கின. பின்னர் டீசலும், 1980களில் மின்சாரமும் இப்பாதைக்கு வந்தன. பாகிஸ்தானில் இக்குடும்பம் இன்னும் நீண்ட ஆயுள் பெற்றது. பஞ்சாபின் மலக்வால் ஷெட்டில் 4-4-0 இஞ்சின்கள் 1990களிலும் வேலை செய்தன. 2-8-0 இஞ்சின்கள் கைபர் கணவாயின் மேல் லண்டி கோட்டல் வரையில் சுற்றுலா வண்டியை இழுத்துக்கொண்டு இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரையில் ஏறின.

பெசா சரித்திரத்தில் மிகவும் சிந்திக்கத்தக்க அம்சம் ஒன்று உண்டு. இந்தியாவுக்குப் பொது அளவை வகுத்துத் தந்த அதே பிரிட்டனில், ஒவ்வொரு ரயில்வே கம்பெனியும் தனக்கென்று தனி வடிவத்தையே கட்டிக்கொண்டிருந்தது. தேசம் முழுவதற்கும் பொதுவான இஞ்சின் வகுப்புகள் அங்கே வந்தது ரயில்வேக்கள் தேசியமயமான பிறகு, 1951இல்தான். ஆக, ஒரு பெரும் நாட்டின் பாதைகளுக்குப் பொதுவான அளவில் இஞ்சின் அமைத்து, அதை அரை நூற்றாண்டுக் காலம் வெயிலிலும் மழையிலும் ஓட்டிப் பார்த்து, அது சாத்தியம் என்று நிரூபித்த பெருமை இந்தியப் பாதைகளுக்கும், அவற்றில் உழைத்த டிரைவர்களுக்கும் பயர்மேன்களுக்கும் பட்டறைத் தொழிலாளிகளுக்கும் உரியது. வரைந்தவர்கள் அங்கே இருந்தார்கள். வாழ வைத்தவர்கள் இங்கே இருந்தார்கள்.

2019இல் தனி மாவட்டமாகிய திருப்பத்தூருக்கு, ஜோலார்பேட்டையின் நீராவி நாட்களைக் காட்டும் ஒரு சிறிய காட்சிச்சாலையாவது வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பழைய டிரைவர்களின் பணிப் பதிவேடுகள், கைவிளக்குகள், பட்டறைக் கருவிகள் ஆகியவை பல வீடுகளின் பரண்களில் இன்றும் இருக்கக்கூடும். அவற்றைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்கள் நாளுக்கு நாள் குறைந்துவருகிறார்கள். அரசும் ரயில்வேயும் செய்யட்டும் என்று காத்திராமல், இப்பாதையால் வளம் பெற்ற வாணியம்பாடி, ஆம்பூர் வணிகப் பெருமக்களும் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களும் இப்போதே முன்வந்து, அந்த முதியவர்களைக் கண்டு கேட்டு எழுதிவைக்க வேண்டும். இஞ்சின்களை வார்த்த கம்பெனிகளின் பெயர்களை ஆங்கிலப் புத்தகங்கள் காப்பாற்றிவிட்டன, அவற்றை ஓட்டிய நம்மவர்களின் பெயர்களைக் காப்பாற்ற நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை.